நிற்கும் கோள், சாயும் படகு

சுரக்குடியில் மலை கிடையாது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுப் பக்கத்து வயல்வெளியில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படும் உயரங்கள் கோயில் கோபுரமும் தென்னையும், இப்போது கைபேசிக் கோபுரமும்தான். காவிரி கொண்டுவந்து கொட்டிய மண். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. இந்தத் தட்டைத் தரையில் 1980களில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவருக்குப் பெட்டியைவிடப் பெரிய கவலை மாடியில் நட வேண்டிய இரும்புக் குழாய். குழாயின் உச்சியில் அலுமினியக் கம்பிகள் வரிசையாகப் பூட்டிய ஆன்டெனா, அதற்குக் கீழே ஒரு பூஸ்டர், அங்கிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் பட்டை ஒயர். டெல்டாக் கரையில் அந்த ஆன்டெனாக்கள் பல சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

காரணம் எளிது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் காரைக்காலிலிருந்து அது வடக்கே 240 கிலோமீட்டர் தள்ளி, முழுக்கத் தரைவழி. தெற்கே கடலுக்கு அப்பால் இலங்கையில், ஜப்பான் அரசின் நன்கொடையில் அமைந்த ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. இரு நாடுகளும் ஒரே பால்-பி முறையைப் பின்பற்றியதால், தமிழ்நாட்டில் வாங்கிய பெட்டியில் எந்த மாற்றமும் செய்யாமல் இலங்கையின் படமும் ஒலியும் சரியாக வந்தன. தமிழ் நிகழ்ச்சியும் கிரிக்கெட்டும் சும்மா கிடைக்கும்போது யார் வேண்டாமென்பார்கள்?

கடலுக்கு அப்பாலிருந்து சுரக்குடி மாடிவரை வந்த அந்தப் படம், பாதிக் கடலில் நிற்கும் படகுக்கு ஏன் வருவதில்லை? படகு இன்னும் பக்கத்தில்தானே இருக்கிறது? கேள்வி விளையாட்டாகத் தோன்றும். அதற்கு விடை தேடிப் போனால் வானொலி அலைகளின் இயற்பியலில் முக்கால் பங்கைத் தொட்டுவிட்டு வரலாம்.

முதலில் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ரூபவாஹினியின் முதன்மை ஒளிபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் இருக்கிறது. உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து காரைக்கால் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பூமியோ உருண்டை. ஒளிபரப்பியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் முடிகிறது என்று தெரியும். 2,524 மீட்டருக்கு 207 கிலோமீட்டர். சுரக்குடியில் 15 மீட்டர் குழாய் நட்டால் அதன் பங்குக்கு 16 கிலோமீட்டர். கூட்டினால் 223. இன்னும் அதே அளவு தூரம் பாக்கி நிற்கிறது. கணக்குப்படி காரைக்காலில் ரூபவாஹினி தெரியவே கூடாது.

அந்த 4.12 என்ற எண்ணுக்குள்ளேயே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. காற்று தரையருகே அடர்த்தியாகவும் மேலே போகப்போக மெலிந்தும் இருப்பதால், அலை கொஞ்சம் பூமியை நோக்கி வளைகிறது. வெறும் வடிவக் கணிதம் மட்டும் பார்த்தால் அந்த எண் 3.57தான், வளைவைச் சேர்த்த பிறகே 4.12 ஆகிறது. அப்படியென்றால் அந்த வளைவு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் நாட்களில் என்ன ஆகும்?

இங்கேதான் கடல் வேலையைக் காட்டுகிறது. அலையை வளைப்பதில் வெப்பத்தைவிட ஈரத்துக்குப் பங்கு அதிகம். நீர் மூலக்கூறின் ஒருபக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் ஒதுங்கியிருப்பதால், ஈரக்காற்றில் வானொலி அலை சற்றே மெதுவாகப் போகிறது. கடலை ஒட்டிய காற்று ஈரம் நிறைந்தது. அதன்மேல் தரையிலிருந்து வந்த சூடான வறண்ட காற்று படர்ந்தால், கீழே மெதுவான பாதை, மேலே வேகமான பாதை என்று இரண்டு அடுக்கு உருவாகிறது. அலை மெதுவான பக்கம் சாய்கிறது. அடுக்குகளுக்கிடையே வேறுபாடு ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அலையின் வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகிவிடும். பிறகு அது அடிவானத்தைத் தாண்டி, கடல்பரப்புக்கும் அந்த மேலடுக்குக்கும் நடுவே சிக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். பொறியாளர்கள் இதை டக்ட் என்கிறார்கள். நாம் காற்றுக் குழாய் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் குழாய் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் நிறுவிய 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார், கோடை மாதங்களில் ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரபுக் கரையின் எதிரொலிகளைக் காட்டியது. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அந்தக் கரை திரையிலிருந்து காணாமல் போனது. காற்று கலங்கிக் கலந்துவிட்டால் அடுக்குகள் நிற்காது. அந்த ரேடாரின் அலைநீளமும் பழைய வி.எச்.எஃப். தொலைக்காட்சியின் அலைநீளமும் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மீட்டர்.

எல்லாக் குழாயும் எல்லா அலையையும் பிடித்துக்கொள்ளாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடல்நீர் ஆவியாவதால் வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் எந்நாளும் 10, 20 மீட்டர் தடிமனுக்கு ஒரு மெல்லிய ஈர அடுக்கு இருக்கும். கப்பல் ரேடாரின் சென்டிமீட்டர் அலைகளுக்கு அது போதும். ஒன்றரை மீட்டர் தொலைக்காட்சி அலைக்கு அந்தக் குழாய் மிகவும் ஒடுக்கம். 150 மீட்டர் அளவுக்குத் தடித்தால்தான் அது உள்ளே அடங்கும். அந்தத் தடிமன் கரைக்காற்று கடலுக்குள் போகும் நாட்களில் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த டெல்டாவின் மேல் கச்சான் வீசி, அந்த அனல்காற்று கடலுக்குள் இறங்கும் மாலையும் இரவும் அதற்குத் தோதான நேரம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது படம் புள்ளியாகச் சிதறிப் போகும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கூடத்தில் இருப்பவர் “இப்ப வருது, இப்ப போச்சு” என்று கத்துவதற்குப் பின்னால் இந்த வானிலையியல் முழுவதும் இருந்தது.

இன்னொரு சிக்கல். 150 மீட்டர் தடிமனுள்ள குழாய்க்குள், 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒளிபரப்பி எப்படி அலையைச் செலுத்தும்? மலை உச்சி குழாய்க்கு மிக மேலே அல்லவா இருக்கிறது? உண்மைதான், மலையிலிருந்து வரும் அலை குழாய்க்குள் ஒழுகித்தான் சேர வேண்டும், அதுவும் அடுக்கு சீராக இல்லாத இடங்களில். ஆனால் ரூபவாஹினிக்கு வடக்கே வன்னியில் கொக்காவிலில் ஒரு துணை நிலையமும் இருந்தது. 1990 ஜூலைச் சண்டையில் அழியும்வரை அது இருந்தது. 2011இல் அங்கே 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் எழுந்தது. கொக்காவில் காரைக்காலுக்கு 195 கிலோமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி கடல். வரைபடத்தில் கோல் வைத்துப் பார்த்தால் ஓர் அழகான தற்செயல் தெரியும். காரைக்காலிலிருந்து கொக்காவிலும் பிதுருதலாகலையும் ஏறக்குறைய ஒரே திசை, தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் இரண்டும் அதன் பார்வைக்குள் வந்துவிடும்.

தொலைக்காட்சிக்கு முந்தைய தலைமுறை இந்தக் கரையில் இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்தது. அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாக வந்ததில் காற்றுக் குழாய்க்குப் பங்கில்லை. மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ளது; அது பரப்பைத் தழுவிக்கொண்டே போகும். உப்புநீர் நல்ல மின்கடத்தி என்பதால், தரைமேல் சீக்கிரம் களைத்துப்போகும் அந்த அலை கடல்மேல் களைப்பதே இல்லை எனலாம். கோடையோ மழையோ, அதற்குக் கவலை கிடையாது. கையடக்க டிரான்சிஸ்டரைப் படகின் எந்த மூலையில் வைத்தாலும் பாடும். தொலைக்காட்சி படகேறியபோது இந்தச் சலுகை ஒன்றுகூட உடன் வரவில்லை.

இனிப் படகுக் கணக்கு. காரைக்கால்மேட்டிலிருந்தோ பட்டினச்சேரியிலிருந்தோ கிளம்பி, தெற்கே பாதிக் கடலில் நங்கூரம் போட்ட ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். அதில் ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டலாம்? 4 மீட்டர் என்றால் தாராளம். பாய்மரப் படகென்றால் மரத்தின் உச்சி கிடைக்கும், அது வேறு கதை. உயரம் குறைந்தால் அடிவானம் சுருங்கும் என்பது பாதித் தொல்லைதான். மீதிப் பாதி கடல்பரப்பின் வேலை. ஆன்டெனாவுக்கு அலை இரண்டு வழிகளில் வருகிறது: நேராக ஒன்று, நீரில் பட்டுத் தெறித்து ஒன்று. மிகத் தாழ்வான கோணத்தில் நீரில் படும் அலை தலைகீழாகத் திரும்பித் தெறிக்கும். நீரை ஒட்டிய உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், ஒன்றை ஒன்று அடித்துப்போடுகின்றன. மேலே போகப்போக இந்த அழிப்பு குறையும். உயரம் இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். சுரக்குடி மாடியின் 15 மீட்டரோடு ஒப்பிட்டால், படகின் 4 மீட்டரில் கிடைப்பது பதினான்கில் ஒரு பங்கு.

அடுத்தது திசை. மாடியில் நின்ற அந்த அலுமினிய ஆன்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் 1920களில் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அவர்கள் நாட்டில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேடு ஒன்றில் திரும்பத் திரும்ப வந்த ‘யாகி’ என்ன என்று புரியாமல் போர்க்கைதி ஒருவரிடம் கேட்க, “அது உங்கள் நாட்டுக்காரர் பெயர்தான்” என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை மின்னணுவியல் வட்டாரத்தில் வெகுநாளாக உலவுகிறது. அந்த ஆன்டெனாவின் சூட்சுமம் இது: பின்னால் ஒரு நீளக் கம்பி, முன்னால் வரிசையாகச் சில குட்டைக் கம்பிகள். மற்ற திசைகளில் கேட்கும் திறனை விட்டுக்கொடுத்து, ஒரே திசையில் பத்து மடங்கு கூர்மையாகக் கேட்கும்.

இது எந்த ஆன்டெனாவுக்கும் பொருந்தும் சட்டம். கூடுதலாகக் கேட்க வேண்டுமென்றால் குறுகலாகத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கு சுற்றிலும் வெளிச்சம் தரும், நாலு தென்னைக்கு அப்பால் எட்டாது. அதே ஆற்றலை டார்ச் விளக்கின் குவியாடி ஒரு பக்கமாகக் கூட்டினால் வாய்க்காலின் மறுகோடி தெரியும், பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. இந்தப் பேரத்தில் தள்ளுபடி கிடையாது. எந்த நிறுவனம் எந்தப் புதுப் பெயரில் ஆன்டெனா விற்றாலும் இந்தச் சட்டத்தை மீறியிருக்காது. “எல்லாத் திசையிலும் அதிவேக வரவேற்பு” என்று அட்டையில் போட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

நங்கூரம் போட்ட படகு நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி திரும்பிக்கொண்டே இருக்கும். ஆன்டெனா தெற்கே பார்த்திருந்தது கொஞ்ச நேரத்தில் மேற்கே பார்க்கும். அதனால் மேலைநாட்டுப் பாய்மரப் படகுக்காரர்கள் தட்டுப்போன்ற எல்லாத்திசை ஆன்டெனாவைப் பாய்மரத்தின் உச்சியில் பொருத்தினார்கள். படகு எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான். ஆனால் யாகியின் பத்து மடங்கு கூர்மை போய்விட்டது. நம் ஃபைபர் படகுக்கு உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு, திசையில் பத்தில் ஒரு பங்கு. பெருக்கினால் நூற்று நாற்பதில் ஒரு பங்கு. கடல்மேல், அடிவானத்துக்குள் இருக்கும்போது, தூரம் பாதியானால் ஆற்றல் 16 மடங்கு கூடும். பாதி வழி முன்னால் போன லாபம் 140 மடங்கு நட்டத்தை ஈடுகட்டவில்லை. முன்பு கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வீடு தூரத்தில் இருந்தாலும் உயரமாக, ஆடாமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இவ்வளவுக்கும் மேல், காற்றுக் குழாய் நன்றாக உருவாகும் கோடையில் விசைப்படகுகள் கடலிலேயே இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரை முழுவதற்கும். இலங்கைப் படம் கடலைத் தாண்டி வரும் மாதங்களில் படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், மீனவர்கள் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் இப்போது பழங்கதை. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. மாடிகளில் குழாயின் இடத்தை டிஷ் என்ற குடை பிடித்துக்கொண்டது. செயற்கைக்கோள் வந்ததும் தூரம் என்ற பேச்சே அடிபட்டுப்போனது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் கோளுக்குச் சுரக்குடியும் ஒன்றுதான், வங்கக் கடலின் நடுவும் ஒன்றுதான். இந்த யோசனையை 1945லேயே கட்டுரையாக எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிற்பாடு இலங்கையிலேயே குடியேறியவர். 1975இல் இந்தியாவின் சைட் என்ற செயற்கைக்கோள்வழிக் கல்வி ஒளிபரப்பு நடந்தபோது, இஸ்ரோ பொறியாளர்கள் அவருடைய கொழும்பு வீட்டுக்கே போய் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். ரூபவாஹினி பிறக்க இன்னும் ஆறேழு ஆண்டு இருந்தது. இலங்கையில் அப்போதே தொலைக்காட்சி பார்க்க முடிந்த வீடு அது.

குடையைப் படகில் வைத்தால் என்ன? கணக்கு கையிலேயே இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷைத் தரும் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. காரைக்காலிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 70 பாகை உயரத்தில். வீட்டுக் குடையின் விட்டம் 60 சென்டிமீட்டர், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்ணிலிருந்து அதன் பார்வை எவ்வளவு குறுகல் என்று வந்துவிடும்: மொத்தம் மூன்று பாகை. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினாலே கிடைக்கும் ஆற்றல் பாதியாகும். படகு காரைக்காலிலிருந்து கிழக்கே 100 கிலோமீட்டர் போனால் கோளின் திசை மாறுவது ஏறக்குறைய ஒரு பாகைதான். ஒரு நடுத்தர அலை படகின் பக்கவாட்டில் தட்டினால் மாறுவது பத்து, பதினைந்து பாகை, நாலைந்து வினாடிக்கு ஒருமுறை.

பழைய அனலாக் படமென்றால் சிக்னல் குறையும்போது புள்ளி விழும், நிழல் தட்டும், ஆனாலும் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று யூகிக்கலாம். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஓர் எல்லைவரை அப்பழுக்கில்லாத படம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒருமுறை பிடி விட்டால் பெட்டி மறுபடியும் சிக்னலைத் தேடிப் பூட்டிக்கொள்ளச் சில வினாடி ஆகும். அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். இரண்டு அலைகளுக்கு நடுவே அரை வினாடிப் படம் பார்க்க யாரும் குடை கட்டமாட்டார்கள்.

இதற்குப் பணக்காரத் தீர்வு ஒன்று உண்டு. உல்லாசப் படகுகளின் மேல் வெள்ளையாக உருண்டையாக ஒரு கூடு இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே சின்ன டிஷ், அதை ஆட்டும் மோட்டார்கள், படகு எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று உணரும் கைரோக்கள். படகு வலப்பக்கம் பத்துப் பாகை சாய்ந்தால் டிஷ் இடப்பக்கம் பத்துப் பாகை திரும்பும். கைரோவின் கணக்கில் மெல்லச் சேரும் பிழையைத் திருத்த, டிஷ் தன் நோக்கைச் சற்றே சுழற்றிச் சுழற்றி எந்தப் பக்கம் சிக்னல் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விலை லட்சக்கணக்கில். ஒரு ஃபைபர் படகின் என்ஜின் விலையை அதன் தலையில் கட்ட வேண்டியிருக்கும்.

விலையைவிட எனக்குச் சுவையாகப் படுவது, இந்தக் கூடு நம் கடலில் படும் ஒரு தனிப்பாடு. கூட்டுக்குள் பொதுவாக இரண்டு மோட்டார்கள்: ஒன்று டிஷ்ஷைச் சுற்றித் திருப்ப, மற்றொன்று மேலும் கீழும் தூக்க. இங்கிலாந்தின் தென்கரையில் அந்நாட்டு டிவி கோள் அடிவானத்துக்கு 25 பாகைதான் மேலே இருக்கும். படகு எப்படி ஆடினாலும் டிஷ் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கினால் போதும். நமக்கு அப்படியல்ல. கிழக்கு 83 பாகையில் நிற்கும் கோள் காரைக்காலுக்கு 77 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். படகு சரியான பக்கம் 13 பாகை சாய்ந்தால் கோள் தளத்துக்கு நேர் மேலே வந்துவிடும். இன்னும் ஒரு பாகை சாய்ந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடும். அந்தக் கணத்தில் சுற்றும் மோட்டார் டிஷ்ஷை அரை வட்டம் திருப்பியாக வேண்டும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள். எந்த மோட்டாராலும் முடியாது. பிடி விட்டுப்போகும். மூன்றாவதாக ஓர் அச்சும் மோட்டாரும் சேர்த்தால்தான் இந்த உச்சிக் குருட்டை மறைக்கலாம். விலை இன்னும் ஏறும். வடக்கே சொகுசாக ஓடும் கருவி, நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்து திணறுகிறது.

ஆகவே காரைக்கால் படகுகளில் பொழுதுபோக்கு என்றால் கிளம்பும் முன் கைபேசியில் ஏற்றிக்கொண்ட படம்தான், அல்லது காரைக்கால் பண்பலையின் 100.3. கைபேசி அழைப்புக்கும் அடிவானம் உண்டு. 40 மீட்டர் கோபுரத்தையும் தளத்தில் நிற்பவர் கையையும் அதே வர்க்கமூலத்தில் போட்டால் 33 கிலோமீட்டர் வருகிறது. பழைய இரண்டாம் தலைமுறைச் சேவையில் இதோடு வேறொரு வேலியும் இருந்தது. கைபேசியின் குரல் கோபுரத்தை எட்ட எடுக்கும் நேரத்தைக் கணக்கில் வைக்க ஒதுக்கிய இடம் 35 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் சிக்னல் காட்டினாலும் அழைப்பு போகாது. பூமியின் வளைவும் பொறியாளரின் வசதியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கோடு போட்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கரையின் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதன்பின் தொலைக்காட்சிப் பேச்செல்லாம் பின்னுக்குப் போய், படகுக்கு ஒரே ஒரு வரிச் செய்தியையாவது எப்படி அனுப்புவது என்பதே பெரிய கேள்வியாயிற்று.

விடை அதே பேரத்தில்தான் கிடைத்தது, ஆனால் மறுபுறத்திலிருந்து. ஆட்டம் நிற்காத படகில் குறுகலாகப் பார்க்க முடியாது. அகலமாகத்தான் பார்க்க வேண்டும். அகலமாகப் பார்த்தால் கொஞ்சமாகத்தான் கேட்கும். சரி, கொஞ்சமே போதும் என்று வைத்துக்கொண்டால்? 2019இல் மீனவர்களுக்காக வெளிவந்த ஜெமினி கருவி, விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள்களிலிருந்து செய்தியைப் பெற்று, ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்குத் தரும். ககன் அலைவரிசையின் வேகம் நொடிக்கு 250 பிட். ஒரு சாதாரணத் தொலைக்காட்சிப் படத்துக்கு நொடிக்கு இரண்டு, மூன்று மில்லியன் பிட் வேண்டும். ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புயல் எந்தப் பக்கம் போகிறது, அலை எவ்வளவு உயரம் என்று சொல்ல அது தாராளம். படகு எத்தனை பாகை சாய்ந்தாலும் உள்ளங்கை அளவு ஆன்டெனா கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேட்க மட்டும் முடிந்தால் போதாது, பேசவும் வேண்டும். இந்த இடத்தில் இந்திய விண்வெளி வரலாற்றின் வில்லங்கமான அத்தியாயம் ஒன்று படகுக்குள் வந்து உட்கார்கிறது. 2005 ஜனவரியில் இஸ்ரோவின் வணிகக் கிளையான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. எஸ்-பேண்ட் செயற்கைக்கோள் வழியாக ஓடும் வண்டிகளுக்கும் கையிலிருக்கும் கருவிகளுக்கும் படமும் பாட்டும் அனுப்புவது திட்டம். அதாவது, அசையும் தளத்தில் தொலைக்காட்சி. 2011இல் ஒப்பந்தம் ரத்தானது. வழக்குகள் உலகம் முழுக்க நடந்தன. அந்தத் திட்டத்துக்காக எண்ணிய ஜிசாட்-6, 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. அதன் முதுகில் ஆறு மீட்டர் அகலத்துக்கு விரியும் ஆன்டெனா இருக்கிறது. பேரத்தின் மறுபாதி அது. தரையிலோ படகிலோ இருக்கும் ஆன்டெனா சின்னதாக, குருட்டாம்போக்கில் மேலே பார்த்துக்கொண்டிருந்தால், குறுகலாகக் குறிபார்க்கும் பொறுப்பை வானத்திலிருக்கும் கோள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே அலையும் இல்லை, ஆட்டமும் இல்லை.

தேவாஸ் படம் ஒளிபரப்பவே இல்லை. ஆனால் ஜிசாட்-6 இன்று விசைப்படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர்களின் குறுஞ்செய்தியைச் சுமக்கிறது. படகின் இடம், “ஆபத்து”, “என்ஜின் பழுது”, கரையிலிருந்து திரும்பிவரும் எச்சரிக்கை. நாடு முழுதும் ஒரு லட்சம் படகுகளுக்கு இவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. வண்டியில் போகிறவர் சினிமா பார்ப்பதற்காகக் கருவான கோள், வலை இழுப்பவர் உயிரோடு திரும்ப உதவுகிறது என்றால், அந்த அத்தியாயத்தில் இஸ்ரோ மனநிறைவோடு படிக்கத்தக்க பக்கம் இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

படம் பார்க்கும் ஆசை அதனால் தீர்ந்துவிடாது. இப்போது மோட்டாரே இல்லாத தட்டைப் பலகை ஆன்டெனாக்கள் வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான சிறு ஆன்டெனாக்களை ஒரே பலகையில் பதித்து, ஒவ்வொன்றின் அலையையும் மின்னணு முறையில் சற்றே முன்னும் பின்னும் தள்ளினால், பலகை அசையாமலே அதன் பார்வை திரும்பும். மில்லிவினாடிகளில். சுற்ற வேண்டிய மோட்டார் இல்லாததால் உச்சிக் குருடும் இல்லை. இதில் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. பலகை நேர் மேலே பார்த்துக் கிடக்கும்போது, அதிலிருந்து சாய்ந்து பார்க்கப் பார்க்க அதன் திறன் குறையும், அந்தக் கோணத்தின் கோசைன் அளவுக்கு. இங்கிலாந்தின் தென்கரையில் அந்தப் பலகை தன் கோளைப் பார்க்க 65 பாகை சாய்ந்து பார்க்க வேண்டும், பாதிக்குமேல் போய்விடும். காரைக்காலில் 20 பாகை சாய்ந்தால் போதும், நட்டம் நூற்றுக்கு ஆறு. படகு இன்னும் பதினைந்து பாகை எதிர்ப்பக்கம் உருண்டாலும் நூற்றுக்கு எண்பது மிச்சம். வெள்ளைக் கூட்டை மூச்சுத் திணறவைத்த அதே உச்சி வானம், தட்டைப் பலகைக்கு மெத்தை விரிக்கிறது.

மிச்சமிருப்பது மின்சாரம். இத்தகைய பலகை ஒன்று 75 முதல் 100 வாட்வரை கேட்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய எட்டு ஆம்பியர். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 64 ஆம்பியர்-மணி, மீன்பிடிப் படகில் இருக்கும் நடுத்தர பேட்டரி ஒன்றில் பாதிக்குமேல். விடியலுக்கு முன் வலையை இழுத்து முடித்துக் கரைக்குத் திரும்ப என்ஜினைச் சுழற்ற வேண்டியதும் அதே பேட்டரிதான்.